பாட்டு நின்னா எந்திக்கணும்

ஜூன் 3, செவ்வாய்

ஜெசிந்தா டீச்சர் மாடியேறி வந்துட்டாங்க. மூட்டு வலிக்காரங்க படி ஏறி வாராங்கன்னாலே விசயம் பெருசுதான். வாசல்லயே நின்னு ஆரம்பிச்சாங்க.

"உலகம்மா, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். சாவு விழுந்த துட்டி வீடாச்சேன்னு வாயத் தொறக்கல. ஆனா கீழ ஒரு பச்சப்புள்ள கெடக்குல்லா? உங்கப்பா போடுற பாட்டுக்கு அது தூக்கிவாரிப் போட்டு எந்திக்கி. ஷெரின் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா? இந்த மாசக் கடைசிக்குள்ள சத்தத்தக் கொறைங்க. இல்லன்னா வேற வீடு பாத்துக்கோங்க."

சொல்லிட்டு அவங்களே அழுதுட்டாங்க. நல்ல மனுசிதான். அம்மா படுக்கையில கெடந்த ரெண்டு வருசமும் ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வந்த கையோட கஞ்சி கொண்டாந்து ஊட்டினவங்க. இப்ப மக ஷெரின் தலப்பிரசவத்துக்கு வந்து, சித்திரையில பிள்ளையும் பெத்து, கீழதான் இருக்கா. வீட்டுக்காரம்மா சண்டைக்கு வந்தா பதிலுக்கு நாலு கேக்கலாம். அழுதா என்னத்தச் சொல்ல?

உள்ள வந்து அப்பாகிட்ட சொன்னேன். பாட்டுப் பொட்டிக்கு முன்னால சேரப் போட்டு உக்காந்திருந்தாரு. பாட்ட மீறிக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு.

"கொறைக்க முடியாது."

"அப்ப வீட்டக் காலி பண்ணணும்ப்பா."

"அதுவும் முடியாது. உங்கம்மா இருந்த வீடு."

"ரெண்டும் முடியாதுன்னா எப்படி? நீங்க என்ன கவர்மெண்டா?"

சிரிக்கல. பஸ் ஓட்டுன மனுசன், ஸ்டியரிங்கப் பிடிக்கிற மாதிரி சேர் கையப் பிடிச்சுகிட்டு நேரா பாத்துகிட்டு இருந்தாரு.

அம்மா மாசியில போனா. போன புதுசுல அப்பா பொட்டியத் தொடவே இல்ல. வீடே கம்முனு கெடந்துச்சு. சித்திரையிலேருந்துதான் திடீர்னு இந்தக் கூத்து. காலையில காப்பி குடிச்ச கையோட போட்டாருன்னா படுக்கப் போற வரைக்கும் முழுச் சத்தம். என்ன வேண்டுதலோ.

ஜூன் 4, புதன்

பொட்டின்னு நாங்க சொல்லுறது ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டு. சீட்டுக்கட்டு அளவுதான். அப்பாவோட பழைய பாட்டு அம்புட்டையும் அதுல ஏத்தி, ஸ்பீக்கர் மாட்டி, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள்ள அடைச்சு வச்சிருக்கேன். டப்பா முன்னால ஒரு திருகு. அதத் திருகினா சத்தம் கூடும், கொறையும். ஆனா திருகு நேரா ஸ்பீக்கருக்குப் போகல, நான் எழுதின புரோகிராமுக்குத்தான் போகுது. எவ்வளவு சத்தம் வரணும்னு கடைசியா முடிவு பண்ணுறது அந்தப் புரோகிராம். அப்பாவுக்கு இது தெரியாது.

என் வேலையும் அதான். சாப்ட்வேர் டெஸ்டிங். வீட்டுலயே இருந்துகிட்டு அடுத்தவன் எழுதினதுல நொட்ட சொல்லணும், அதுக்குச் சம்பளம். ஆக இன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டுகிட்டே ரெண்டு வரி சேத்தேன். பிள்ள தூங்குற நேரம், ரெண்டு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் வால்யூம் இருபதுக்கு மேல போகக் கூடாது. அப்பாகிட்ட சொல்லல. சொன்னா சண்ட வரும்.

ஜூன் 5, வியாழன்

ரெண்டு மணிக்கு ஹெட்போனக் கழட்டிட்டு ரூம் கதவத் தொறந்து வச்சு எட்டிப் பாத்தேன். பாட்டு சடக்குனு அடங்கிச்சு. அப்பா எந்திச்சாரு. போயி திருகத் திருகுவாருன்னு நெனச்சேன். இல்ல. அடுப்படிக்குப் போயி டம்ளர்ல வெந்நி ஊத்தினாரு, அம்மா கெடந்த உள்ரூமுக்குப் போனாரு. கொஞ்ச நேரத்துல பாட்டு பழையபடி அலற ஆரம்பிச்சிட்டு. அப்பா அதே டம்ளரோட வந்து உக்காந்தாரு. தண்ணி கொறையல.

எனக்குப் பத்திகிட்டு வந்துச்சு. அந்தப் பட்டன மறந்தே போனேன்.

விவரம் என்னன்னா, அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயிட்டு. கூப்பிடணும்னா இடது கை வளையல கட்டில் கம்பியில தட்டுவா. அப்பாவுக்கோ பஸ் இன்ஜின் பக்கத்துலயே உக்காந்து உக்காந்து இடது காது பாதி அவுட்டு. பாட்டும் ஓடிச்சுன்னா சுத்தம். அதனால அதிர்வப் பிடிக்கிற ஒரு சின்னத் தகட கட்டில் கால்ல டேப்பு போட்டு ஒட்டி, பொட்டியோட சேத்து விட்டேன். அம்மா தட்டினா வால்யூம் சைபருக்குப் போயிரும். அப்பா எந்திச்சுப் போயி என்னன்னு பாத்துட்டு, கட்டில் தலமாட்டுல இருக்கிற பட்டன அமுக்கினாத்தான் சத்தம் திரும்ப வரும். "பாட்டு நின்னா எந்திக்கணும்ப்பா. அவ்வளவுதான்"னு சொல்லிக் குடுத்தேன்.

அம்மாவுக்கு அதுல ஒரே கொண்டாட்டம். பிடிக்காத பாட்டு வந்தா வேணும்னே தட்டுவா. அப்பா பதறிகிட்டு ஓடினா கோணவாயால சிரிப்பா. ஒரு அழுமூஞ்சிப் பாட்டு உண்டு, அப்பாவுக்கு உசுரு. அத ஒரு வரி பாட விடமாட்டா பாவி.

சரி. ரெண்டு வருசப் பழக்கம், கால் தன்னால போயிட்டு. பட்டன அமுக்கி நான் வச்ச இருபதையும் தூக்கி எறிஞ்சிட்டாரு. புரோகிராம்ல அம்மா தட்டுற பகுதியத்தான் அவ போனப்பவே எடுத்துட்டேனே, பட்டன் மட்டும் எப்படி நின்னுச்சுன்னு தெரியல.

ஜூன் 6, வெள்ளி

இன்னைக்கும் அதே பச்ச சுடிதார். பீரோவுலேருந்து அந்த நீலத்த எடுத்துத் தாங்கன்னு அப்பாகிட்ட கேட்டேன். "உள்ரூம்லதான இருக்கு, நீ போயி எடுத்தா என்ன"ங்காரு. மீட்டிங் இருக்குன்னேன்.

ஜூன் 9, திங்கள்

சடக்குனு கொறைச்சாத்தான எந்திப்பாரு? அவருக்கே தெரியாமக் கொறைச்சா?

அப்பா திருக எவ்வளவு திருகினாலும் உச்ச அளவு நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்குற மாதிரி எழுதிட்டேன். பட்டன அமுக்கினாலும் அந்த உச்சத்துக்கு மேல போகாது. இன்னைக்குத் தொண்ணூத்தஞ்சு. என் மூளைய நானே மெச்சிகிட்டு சொதிக் குழம்பு வச்சேன். இஞ்சித் துவையல அப்பா தொடவே இல்ல.

ஜூன் 12, வியாழன்

மூணு நாளா ஒரு வித்தியாசமும் தெரியல. இன்னைக்குக் காலையில பாத்தா தொபுக்கடீர்னு சத்தம் விழுந்து கெடக்கு, அப்பா டம்ளரத் தூக்கிட்டாரு. என் தப்புதான். கம்ப்யூட்டர் சொல்லுற எம்பது, காதுக்கு எம்பது கெடையாது. மேல உள்ள எண்ணுல ஒண்ணுமே தெரியாது, கீழ வர வர படிக்கட்டு ஒடஞ்ச மாதிரி விழும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். உக்காந்து கணக்கத் திருத்தினேன். இனிமே காதுக்கு ஏத்த மாதிரி இறங்கும்.

ஜூன் 16, திங்கள்

டீச்சர் ரவா கேக் குடுத்து விட்டிருக்காங்க. பிள்ள மத்தியானம் பூராத் தூங்குதாம். "ஆண்டவரு கண்ணத் தொறந்துட்டாரு உலகம்மா"ன்னு கீழேருந்தே கத்துறாங்க. ஆண்டவருக்கு புரோகிராம் எழுதத் தெரியுமான்னு கேக்கலாம்னு வந்துச்சு, கேக்கு நல்லாருந்ததால விட்டுட்டேன்.

அப்பாவுக்கு ரெண்டு துண்டு வச்சேன். அப்படியே இருக்கு.

ஜூன் 20, வெள்ளி

அப்பா சேரப் பொட்டிக்கு ஒட்டிப் போட்டுட்டாரு. உள்ளங்கைய டப்பா மேல வச்சுகிட்டே உக்காந்திருக்காரு. சாப்பிடும்போதும் இடது கை டப்பா மேலதான். என்னப்பா இதுன்னு கேட்டா, "ஒண்ணுமில்ல, நீ வேலயப் பாரு" அப்படிங்காரு. சாயங்காலம் காதுல நல்லெண்ண விட்டுகிட்டு தலயச் சாச்சு உக்காந்திருந்தாரு.

ஜூன் 23, திங்கள்

மத்தியானம் ஆளக் காணோம். செல்போன வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டாரு. எனக்குக் கை காலு ஓடல. மூணு மணிக்கு மேல குடையும் கையுமா வந்து நிக்காரு.

"எங்கப்பா போனீங்க?"

"காது டாக்டர்ட்ட."

"எதுக்கு?"

"பாட்டு சன்னமாயிட்டே போவுதுட்டி. திருகத் திருக ஏறவே மாட்டேங்கு. காது அடைஞ்சிட்டுன்னு நெனச்சேன். அந்த டாக்டரம்மா பாத்துட்டு, புதுசா ஒண்ணுமில்ல, பழைய கதைதான்னு சொல்லிட்டு."

நான் சோறு போடுற சாக்குல திரும்பிகிட்டேன். "சன்னமா கேட்டாத்தான் என்னப்பா? கீழ பிள்ள தூங்குதுல்லா."

"சன்னமாயிட்டுன்னா, நின்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"எது நின்னா?"

"பாட்டு. ஓடுதா நிக்குதான்னு இந்தக் காதுக்குத் தெரியல. கைய வச்சுப் பாத்தாலும் தெரியல. அவ கூப்பிட்டு, நான் போகாம இருந்துட்டா?"

"யாருப்பா கூப்பிடுதா?"

டிக்கெட் வாங்காம ஏறின ஆளப் பாக்கிற மாதிரி என்னப் பாத்தாரு. "உங்கம்மாதான். வேற யாரு?"

பெறகு அவரே சொன்னாரு. சித்திரையிலேருந்து கூப்பிடுதாளாம். சோறு திங்க விடமாட்டாளாம், கண்ணசர விடமாட்டாளாம். பாட்டு பொசுக்குனு நிக்குமாம், இவரு எந்திச்சுப் போவாராம். "போயிப் பாத்தா கட்டிலு காலியாத்தான் கெடக்கு. ஆனா கூப்பிட்டவள போயிப் பாக்காம இருக்க முடியுமா? அதுக்குத்தான் முழுசா வைக்கது. இப்ப ஒரு வாரமா கூப்பிடவே மாட்டேங்கா. நான் கேக்காம விட்டதுல கோவிச்சுகிட்டாளோ என்னமோ."

குழம்புக் கரண்டியப் பிடிச்சபடியே நின்னேன். எங்கப்பாவுக்குப் புத்தி பெரண்டுட்டுன்னு நெனச்சேன். அப்படி நெனச்சப்ப ஒரு நிம்மதி கூட வந்துச்சு. வியாதின்னா டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகலாம்லா.

ஜூன் 24, செவ்வாய்

புரோகிராமத் தொறந்து பாத்தேன். அம்மா தட்டுற பகுதி அப்படியே இருக்கு. எடுத்துட்டேன்னுதான் இத்தன நாளும் நெனச்சுகிட்டு இருந்தேன்.

சரி, இருந்தாத்தான் என்ன. தட்டுறதுக்கு ஆள் வேணும்லா.

ஜூன் 25, புதன்

அப்பா முகத்தப் பாக்க முடியல. காலையில உச்ச அளவத் திரும்ப நூறுக்கே கொண்டு போயிட்டேன். லீவு போட்டுட்டு, ஹெட்போன் இல்லாம ஹால்லயே உக்காந்தேன். உண்மையா பொய்யான்னு பாத்துருவோமேன்னு.

பாட்டு காதக் கிழிச்சுது. அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோசம், பொட்டியத் தட்டிக் குடுக்காரு. கீழ பிள்ள வீல்னு கத்துச்சு. அய்யோன்னு இருந்துச்சு எனக்கு. எந்திச்சுக் கொறைச்சிரலாமான்னு யோசிக்கும்போதே பாட்டு நின்னுபோச்சு.

யாரும் தொடல. அப்பா கை மடியில இருக்கு. என் லாப்டாப் மூடிக் கெடக்கு. உள்ரூம் கதவு லேசாத் தொறந்திருக்கு, உள்ள யாருமில்ல. பயந்துட்டேன், எழுதுறதுக்கு என்ன வெக்கம்.

"பாத்தியா"ன்னாரு அப்பா. டம்ளர எடுத்துகிட்டுப் போனாரு. பாட்டு வந்துச்சு. திரும்பி வரும்போது முகம் தெளிஞ்சு இருந்துச்சு. மாசிக்கு அப்புறம் அந்த முகத்த நான் பாக்கல.

இன்னைக்கு மட்டும் எத்தன தடவ நின்னுச்சுன்னு எண்ணல. எண்ணப் பயம்.

ஜூன் 26, வியாழன்

டீச்சர் கீழேருந்து போட்ட கூப்பாட்டுல தெருவே எட்டிப் பாத்துச்சு. நானே இறங்கிப் போயிட்டேன், காலுல விழாத கொறையா மன்னிப்புக் கேட்டேன். உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாங்க. கோவத்துலயும் காப்பி போடத்தான் செய்யுதாங்க.

பிள்ள தொட்டில்ல கெடந்து கத்துது. ஷெரின் குளிக்கப் போயிருந்தா. "ஏ பிள்ள, சும்மாதான உக்காந்திருக்க, அந்தத் தொட்டில ரெண்டு ஆட்டு ஆட்டு"ன்னுட்டு டீச்சர் அடுப்படிக்குப் போனாங்க.

கூரையில கொக்கி, கொக்கியில ஸ்பிரிங்கு, அதுல ஷெரினோட சேலையில கட்டின தொட்டில். ஆட்டினேன். ஸ்பிரிங்கு டக்கு டக்குன்னு அடிச்சுது. மேல பாட்டு நின்னுபோச்சு.

நானும் நிப்பாட்டினேன். அண்ணாந்து பாத்தேன். அந்தக் கொக்கிக்கு நேர் மேலதான் உள்ரூம். அம்மா கட்டில்ல தகடு ஒட்டின கால் அந்த எடத்துலதான் நிக்கி.

மேல நாற்காலி நகருற சத்தம். பெறகு அப்பா காலடி. அடுப்படிக்குப் போவுது. நிக்கி. உள்ரூமுக்கு வருது. என் தலைக்கு நேரா வந்து நின்னுச்சு. பாட்டு திரும்ப வந்துச்சு. காலடி மெதுவா ஹாலுக்குத் திரும்பிப் போச்சு.

பிள்ள மறுபடி சிணுங்கிச்சு. என் கை தன்னால ஆட்டிட்டு. பாட்டு நின்னுச்சு. அப்பா நடந்தாரு. இந்தத் தடவ என் தலைக்கு மேல ரொம்ப நேரம் நின்னுகிட்டே இருந்தாரு. ஏதோ பேசுறாரு, என்னன்னு வெளங்கல.

பாட்டுச் சத்தத்துல பிள்ள எந்திக்கி. பிள்ள எந்திச்சா தொட்டில் ஆடுது. தொட்டில் ஆடினா பாட்டு நிக்கி. அம்மா கூப்பிடுதான்னு அப்பா போறாரு. அடுத்த தடவ கேக்காமப் போயிரக் கூடாதேன்னு முழுச் சத்தத்துல வைக்காரு. நான் சத்தத்தக் கொறைச்சேன், பிள்ள தூங்கிச்சு, அம்மா கூப்பிடுறத நிப்பாட்டிட்டா. எவ்வளவு நேர்த்தியா ஓடிகிட்டு இருந்திருக்கு.

காப்பி ஆறிப் போச்சு. டீச்சர்ட்ட, ஞாயித்துக்கெழமக்குள்ள சரி பண்ணிருதேன்னு சொல்லிட்டு வந்தேன். அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லல.

ஜூன் 27, வெள்ளி

சொல்லணும். இன்னைக்கு ஆபீஸ்ல ரிலீசு, நேரமில்ல.

ஜூன் 29, ஞாயிறு

சொல்லிட்டேன். தொட்டில், கொக்கி, தகடு, எல்லாம். நான் திருட்டுத்தனமா சத்தம் கொறைச்சதையும் சேத்து.

கத்துவாருன்னு தயாரா இருந்தேன். பொறுமையாக் கேட்டாரு.

"நீ கீழ ஆட்டுன?"

"ஆமாப்பா."

"நான் மேல நடந்தேன்?"

"ம்."

"நீ ஆட்ட ஆட்ட நான் நடந்திருக்கேன்."

ஆமான்னு தலையாட்டினேன்.

"அப்ப அவ கூப்பிடல"ன்னாரு. கேள்வியா கேக்கல. டம்ளர எடுத்துக் கழுவிக் கவுத்தினாரு. பெறகு வந்து அவரே திருகத் திருகி, வாசல்ல நின்னாக் கேக்காத அளவுக்குச் சத்தத்தக் கொறைச்சாரு. "பிள்ள தூங்கட்டும்."

டீச்சர்ட்ட போயிச் சொன்னேன். வீட்டப் பத்தின பேச்சு இனி இல்லன்னுட்டாங்க. ஜெயிச்சாச்சு. அப்பா கவுத்தின டம்ளர எடுத்து மறுபடி கழுவி வச்சேன், எதுக்குன்னு தெரியல.

ஜூலை 3, வியாழன்

பிள்ள பசிக்கும் அழத்தான செய்யும். தொட்டில் ஆடுனா பாட்டு நிக்கத்தான் செய்யுது. ஆனா அப்பா எந்திக்கிறது இல்ல. நின்னா நின்னபடி கெடக்கு. வீடு கம்முனு இருக்கு, அவரு அதுக்கு முன்னால உக்காந்திருக்காரு.

உள்ரூமுக்குப் போயி பட்டன அமுக்கலாம். ஆனா லாப்டாப்லேருந்து புரோகிராம நிப்பாட்டி மறுபடி ஓட விட்டாலும் அதே வேலதான் நடக்கும். அப்படித்தான் செய்யுதேன்.

"அந்தத் தகட உரிச்சு எறிஞ்சிருங்கப்பா"ன்னேன்.

"கெடக்கட்டும்."

புரோகிராம்ல ஒரு வரிய அடைச்சு விட்டாலும் போதும். நாளைக்குப் பாத்துக்கலாம்.

ஜூலை 8, செவ்வாய்

அப்பா முகம் மழிக்கல. ரெண்டு இட்லி வச்சா ஒண்ணு மிச்சம். வேணும்னே குழம்புல உப்ப அள்ளிப் போட்டேன், திட்டட்டும்னு. தின்னுட்டு எந்திச்சுப் போயிட்டாரு. நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். உண்மை தெரிஞ்சு யாருக்கு என்ன கெடச்சுது?

ஜூலை 13, ஞாயிறு

ஷெரினும் பிள்ளையும் மார்த்தாண்டத்துக்கு, அவ புருசன் வீட்டுக்குக் கெளம்பிட்டாங்க. டீச்சரும் கூடப் போறாங்க, ரெண்டு வாரம் இருந்துட்டு வருவாங்க. கார்ல சாமான் ஏத்தும்போது அப்பாவும் கீழ இறங்கி வந்தாரு. தொட்டில அவுத்து மடிச்சு, ஸ்பிரிங்கையும் கழட்டிப் பைக்குள்ள வைக்கத அப்பா பாத்துகிட்டே நின்னாரு.

"தாத்தாட்ட போ"ன்னு ஷெரின் பிள்ளையக் குடுத்தா. அது அப்பா சுண்டுவிரலப் பிடிச்சிட்டு விடமாட்டேன்னு அடம்.

"ஏலே, நீதானா என்னக் கூப்பிட்டுகிட்டே இருந்தது?"ன்னாரு அப்பா.

டீச்சருக்கு ஒண்ணும் புரியல, ஆனாலும் கண்ணத் தொடச்சுகிட்டாங்க. வீட்டப் பூட்டி சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க.

ஜூலை 19, சனி

கீழயும் யாருமில்ல, மேலயும் பேச்சில்ல. பாட்டு ஓடுது, நிக்கவே இல்ல. காலையிலேருந்து பொழுது அடையிற வரைக்கும் ஒரு தடவ கூட நிக்கல. அப்பா அதக் கேக்குற மாதிரியும் தெரியல. எனக்கே வேலையில கவனம் ஓடல. எப்ப நிக்கும் எப்ப நிக்கும்னு காத வச்சுகிட்டே இருக்கேன்.

ஒரு யோசன. நாளுக்கு ஒரு தடவ, எப்பன்னு சொல்லாம, வால்யூம் தன்னால சைபருக்குப் போற மாதிரி எழுதி விட்டா என்ன? தொட்டிலும் இல்ல, வேற காரணமும் இல்ல. அப்பா எந்திப்பாரு. ஏமாத்துதான். ஏமாத்தினாத்தான் என்ன, ரெண்டு இட்லி தின்பாருல்லா.

ஜூலை 22, செவ்வாய்

நடந்தத நடந்தபடி எழுதிருதேன்.

சாயங்காலம். குத்தாலத்துச் சாரல் காத்து இங்க வரைக்கும் வீசிகிட்டு இருந்துச்சு. லாப்டாப்ப ஹாலுக்குக் கொண்டாந்து அப்பாவுக்கு எதிர்த்தாப்ல உக்காந்து அந்த ஏமாத்து வேலைய எழுதிகிட்டு இருந்தேன். எழுதி முடிக்கல. சேமிக்கல. ஓட விடல. இத அழுத்திச் சொல்லி வைக்கேன், பின்னால எனக்கே சந்தேகம் வரக் கூடாது.

அந்த அழுமூஞ்சிப் பாட்டு ஆரம்பிச்சுது. முதல் வரி முடியல, பாட்டு நின்னுபோச்சு.

கீழ வீடு பூட்டிக் கெடக்கு. சாவி என் பக்கத்துலதான் ஆணியில தொங்குது. அப்பா கை ரெண்டும் மடியில இருக்கு. நான் அவரப் பாத்தேன், அவரு என்னப் பாத்தாரு.

"இன்னும் அந்தப் பாட்டு பிடிக்கல பாரு அவளுக்கு"ன்னாரு.

எந்திப்பாருன்னு காத்திருந்தேன். எந்திக்கல.

"போங்கப்பா"ன்னேன்.

"நான் எம்புட்டு வாட்டி போயாச்சு. இது எனக்கில்ல. நீ போ."

"எனக்கு வேல இருக்குப்பா."

"மாசியிலேருந்து உனக்கு வேல இருக்கு." அப்பா குரல் ஏறவே இல்ல. "ஒரு நாளு அந்த ரூமுக்குள்ள போனியாட்டி நீ? மாத்துத் துணிக்குக் கூட என்னத்தான ஏவுத. உங்கம்மா கூப்பிடுதா. எந்தி."

எந்திச்சேன். ஹாலுக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல இருக்கிறது ஒரே ஒரு நெலப்படி. அதத் தாண்ட எனக்கு இத்தன நாளு ஆயிருக்கு.

தைல வாசன இன்னும் போகல. போர்வைய அப்பா மடிச்சு வச்சிருக்காரு. கட்டில் கம்பியில ஒரு எடத்துல மட்டும் பச்சப் பெயிண்ட் உரிஞ்சு இரும்பு தெரியுது. வளையல் பட்டுப் பட்டு உரிஞ்ச எடம். அதத் தொட்டேன். தொட்டதுதான் தெரியும். கட்டில்ல விழுந்து, சின்னப் பிள்ள மாதிரி ஓன்னு அழுதேன். அம்மாவத் தூக்கும்போது அழல, பதினாறுக்கு அழல, மறுநாளே லாப்டாப்பத் தொறந்துட்டேன். இப்ப அம்புட்டும் சேந்து வருது. என்னம்மா வேணும், என்னம்மா வேணும்னு கேட்டுகிட்டே இருந்தேன்.

தகடு எப்ப, என்ன அதிர்வ வாங்கிச்சுன்னு பொட்டியில பதிஞ்சிருக்கும். தொறந்தாத் தெரிஞ்சிரும். நான் பாக்கப் போறது இல்ல.

எம்புட்டு நேரம் ஆச்சோ. ஹால்லேருந்து அப்பா குரல் குடுத்தாரு.

"உலகு, என்னட்டி கேக்குதா உங்கம்மா?"

மூக்கச் சிந்திட்டு, அவரு காதுல விழுற மாதிரி சத்தமாச் சொன்னேன்.

"ஒண்ணும் வேணாமாம்ப்பா. சும்மாத்தான் கூப்பிட்டாளாம்."

"சரி. அப்ப கொஞ்ச நேரம் கூட இருந்துட்டு வா."

பட்டன் கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. அமுக்காம உக்காந்திருந்தேன்.